கஞ்சித் தொட்டியும் குடிமனையும்

2024 டிசம்பர் 2ஆம் தேதி காலை எட்டரை மணிக்குத் தருமபுரி மாவட்டத்து அரூரில் மழைமானியை அளந்து பார்த்தபோது, அதற்கு முந்தைய இருபத்து நான்கு மணி நேரத்தின் கணக்கு 33 சென்டிமீட்டர் என்று வந்தது. வருஷம் முழுவதற்குமே ஏறத்தாழ 85 சென்டிமீட்டர் மழை காணும் மாவட்டம் இது. ஆடி தொடங்கிக் கார்த்திகை வரையில் வானத்தை அண்ணாந்து பார்த்தே பழகிப்போன ஜனங்கள், வருஷத்து மழையில் மூன்றில் ஒரு பங்குக்கு மேற்பட்டதை ஒரே நாளில் தங்கள் கூரையின்மேல் வாங்கிக்கொண்டு, எதை எடுப்பது, எதை விடுவது என்று திகைத்து நின்றார்கள். 2004 பிப்ரவரியில் கிருஷ்ணகிரி தனி மாவட்டமாகப் பிரியும் வரையில் தருமபுரியைச் சேர்ந்திருந்த ஊத்தங்கரையிலோ மழை 50 சென்டிமீட்டர். அங்கே ஏரி நிரம்பி வழிந்த நீர், சாலையோரம் நிறுத்தியிருந்த வேன்களையும் கார்களையும் காகிதக் கப்பல்களைப் போலத் தள்ளிக்கொண்டு போன காட்சியைத் தமிழ்நாடே கைபேசியில் பார்த்தது.

புயல் என்பது கடற்கரைக்காரர் கவலை என்று தலைமுறை தலைமுறையாக நினைத்துவந்த பிரதேசம் இது. கடலைக் கண்ணால் காண வேண்டுமானால் நூற்றைம்பது கிலோமீட்டருக்கு மேல் கிழக்கே போக வேண்டும். ஃபெஞ்சல் புயல் நவம்பர் 30ஆம் தேதி இரவு புதுச்சேரி அருகே கரையேறி, நகர மனமில்லாததுபோல் அங்கேயே தங்கி, பிறகு மெல்ல மேற்கே வந்து, வறட்சிக்கென்றே பெயரெடுத்த இந்தப் பாறை நிலத்தின்மேல் தன் பாரத்தை இறக்கி வைத்தது. வாணியாறும் தென்பெண்ணையும் தங்கள் பழைய பாதைகளை ஞாபகப்படுத்திக்கொண்டன. அந்தப் பாதைகளில் வீடு கட்டியிருந்தவர்களுக்கும் ஞாபகப்படுத்தின.

மறுநாள், டிசம்பர் 3ஆம் தேதி, மாநில அரசு நிவாரணத்தை அறிவித்தது. உயிரிழந்தவர் குடும்பத்துக்கு 5 லட்சம் ரூபாய். சேதமடைந்த குடிசைக்கு 10,000. பாதிக்கப்பட்ட நெற்பயிருக்கு ஹெக்டேருக்கு 17,000. மானாவாரிப் பயிருக்கு 8,500. மாடு இறந்தால் 37,500, ஆட்டுக்கு 4,000, கோழிக்கு 100. இவ்விதமாக உயிருள்ளவை உயிரற்றவை அனைத்துக்கும் விலை குறித்துக்கொண்டே வந்த அந்த அறிக்கையின் நடுவில், முழுவதும் சேதமடைந்த குடிசைகளுக்குப் பதிலாகக் கலைஞரின் கனவு இல்லம் திட்டத்தின்கீழ்ப் புதுவீடு கட்டிக்கொள்ள முன்னுரிமை அளிக்கப்படும் என்றும் ஒரு வாக்கியம் இருந்தது. பணப் பட்டியலைப் படித்தவர்களில் அநேகர் அதைத் தாண்டிப் போயிருப்பார்கள். இந்தக் கட்டுரை முழுவதும் அந்த ஒரு வாக்கியத்தைப் பற்றியது. ஏனெனில், இன்று பசியாற்றும் நிவாரணத்துக்கும் நாளை நிலைத்து வாழும் குடியிருப்புக்கும் நடுவே சர்க்கார் கட்டிய ஒரே பாலம் அதுதான். அந்தப் பாலத்தின்மேல் நடந்து அக்கரை போய்ச் சேருகிறவர் யார், போக முடியாமல் இக்கரையிலேயே நிற்கிறவர் யார் என்பதே நம்முடைய விசாரம்.

வெள்ளம் வடிந்த வீட்டுக்கு முதலில் வருகிற சர்க்கார் மனிதர் கிராம நிர்வாக அலுவலர். அவர் வரும்போது வீட்டுக்காரி பெரும்பாலும் வாசலில் பாயை உதறிக்கொண்டோ, சேறு கலந்துபோன ராகியை முறத்திலிட்டுப் புடைத்துக்கொண்டோ இருப்பாள். மண்சுவரில் தண்ணீர் நின்ற உயரம், காப்பித்தூளைக் கரைத்துப் பூசினாற்போல் ஒரு கோடாகப் படிந்திருக்கும். கோட்டுக்குக் கீழே விரல் பட்டால் மண் பொருக்குப் பொருக்காக உதிரும். கோட்டுக்கு மேலே போன பொங்கலுக்கு அடித்த சுண்ணாம்பு வெள்ளைவெளேரென்று அப்படியே இருக்கும். அலுவலர் நோட்டைப் பிரித்துக் குடும்பத் தலைவர் பெயர், அட்டை எண், ஆதார் எண், வங்கிக் கணக்கு எண் எல்லாம் எழுதிக்கொள்வார். பிறகு சேதம்: ‘பகுதி’யா, ‘முழு’வா? கைபேசியில் ஒரு படம். கடைசியாகத்தான் அந்தக் கேள்வி வரும்.

“பட்டா இருக்குதாம்மா?”

“ஏதுங்க சார் பட்டா? எங்க மாமனார் காலத்துல இருந்து இங்கதான் குந்தியிருக்கறோம். ஏரிப் பொறம்போக்குன்னு சொல்றாங்க.”

இந்தப் பேச்சை இம்மாவட்டத்தின் எந்த ஏரிக்கரையிலும் எந்த ஓடைக்கரையிலும் கேட்கலாம். குடிசைக்குரிய பத்தாயிரம் அவளுடைய கணக்கில் ஏறிவிடக்கூடும். அதற்குக் குடிசை இருந்ததும் அது சேதமானதும் போதும். ஆனால் கனவு இல்லமோ, 360 சதுர அடியில், 3.5 லட்சம் ரூபாய் மானியத்தில், 2030ஆம் ஆண்டுக்குள் எட்டு லட்சம் வீடுகள் என்ற லட்சியத்தோடு தொடங்கப்பட்ட பெரிய திட்டம். அதில் இடம்பெறுவதற்குக் காலடி மண் சொந்தமாக இருக்க வேண்டும், ஆட்சேபகரமான புறம்போக்கில் குடியிருப்பவர் தகுதியுடையவர் அல்லர். நீர்நிலையிலும் நீர்வழியிலும் வீடு கூடாது என்பது நியாயமான விதி. ஆயினும், வெள்ளத்தில் முழுவதும் அழிகிற குடிசை எங்கே இருக்கும்? நீர்வழியில்தான் இருக்கும். ஆகவே எவருடைய குடிசை முற்றாக அழிந்ததோ அவருக்கே முன்னுரிமை என்று ஒரு கையால் கொடுத்ததை, அந்தக் குடிசை அழிந்ததற்குக் காரணமான இடத்தையே குறையாகச் சொல்லி மறுகை வாங்கிக்கொள்கிறது. இதில் எந்த உத்தியோகஸ்தரின் மீதும் குற்றம் சுமத்துவதற்கில்லை; இரண்டு விதிகளும் தனித்தனியே நல்லவை. அவற்றை ஒன்றுசேர்த்து யோசிக்கிற மேஜைதான் தாலுகா அலுவலகத்தில் இல்லை.

தாது வருஷம்

தருமபுரிக்கு இது புதிய சங்கடம் அன்று. இந்நாட்டின் நிவாரண சாஸ்திரமே இப்படிப்பட்ட வறண்ட ஜில்லாக்களின் எலும்புகளின்மேல் எழுதப்பட்டதுதான். தாது வருஷப் பஞ்சம் என்று பாட்டிமார் இன்றும் சொல்லும் 1876-78ஆம் ஆண்டுகளின் க்ஷாமத்தில், தருமபுரியை உள்ளடக்கியிருந்த சேலம் ஜில்லா பட்ட பாட்டை ஜனத்தொகைக் கணக்கே சொல்லும்: 1871இல் 19,66,995 பேர்; 1881இல் 15,99,595 பேர். பத்து வருஷத்தில் பெருகியிருக்க வேண்டிய ஜனங்கள் மூன்றரை லட்சத்துக்கு மேல் குறைந்துபோனார்கள். செத்தவர் போக மிச்சம் பேரில் இலங்கைத் தோட்டங்களுக்கும் வேறு சீமைகளுக்கும் கால்நடையாகப் புறப்பட்டவர் எத்தனையோ.

அன்றைய நிவாரணத்துக்கு இரண்டு முகங்கள் இருந்தன. ஒன்று கஞ்சித் தொட்டி, நடமாட முடியாதவர்களுக்கு. மற்றொன்று வேலை, நடமாட முடிந்தவர்கள் கல் உடைத்து, மண் சுமந்து, சாலை போட்டு, ஏரி வெட்டிக் கூலி பெற வேண்டும். 1877 ஜனவரியில் சென்னை மாகாணத்துக்கு வந்த சர் ரிச்சர்டு டெம்பிள், நாள் முழுவதும் பாறை உடைக்கிற ஆண்மகனுக்கு ஒரு பவுண்டு தானியமும் ஓரணாவும் போதும் என்று நிர்ணயித்தார். அது உயிரைத் தாங்காது என்று மாகாண சுகாதார அதிகாரியான டாக்டர் கார்னிஷ் எடுத்து எழுதி வாதாடினார். இந்த வாக்குவாதத்தை நிவாரணத்தைப் பற்றிப் பேசப் புகுகிறவர்கள் எல்லாரும் ஒரு முறை படிக்க வேண்டும். கருணைக்கும் கஜானாவுக்கும் இடையிலான தராசு அன்று எப்படி ஆடியதோ அப்படியேதான் இன்றும் ஆடுகிறது.

மூன்றாவது முகம் ஒன்றும் இருந்தது. அதுதான் நமக்கு இங்கே முக்கியம். 1877 ஆகஸ்டு மாதத்தில் லண்டன் லார்டு மேயரின் மாளிகையில் திறக்கப்பட்ட பஞ்ச நிதி, சென்னையில் ஒரு கமிட்டியின் பொறுப்பில் வந்தது. பத்திரிகாசிரியர் வில்லியம் டிக்பி அதன் கௌரவக் காரியதரிசி. சர்க்கார் உயிரைக் காப்பாற்றட்டும், வாழ்க்கையைத் திரும்ப நிறுத்துவது நம் காரியம் என்று அந்தக் கமிட்டி தீர்மானித்து, பணத்தின் பெரும்பகுதியை விதை நெல்லுக்கும், உழவு மாட்டுக்கும், பிய்ந்துபோன வீட்டுக்குக் கூரை போடுவதற்கும் கொடுத்தது. பஞ்சத்தில் ஏழையின் வீட்டிலிருந்து போகிற கடைசிப் பொருள் கூரைக் கழி, விறகாக விற்றுவிடுவான். கூரையைத் திரும்பக் கொடுத்தால்தான் அவன் கஞ்சித் தொட்டியை விட்டு ஊர் திரும்புவான் என்பதை அந்தக் கமிட்டிக்காரர்கள் புரிந்துகொண்டிருந்தார்கள். சாம்ராஜ்யத்தின் தர்மசிந்தனையில் எனக்கு மோகம் கிடையாது. இருந்தாலும் நூற்றைம்பது வருஷங்களுக்கு முன்னாலேயே நிவாரணப் பட்டியலில் கூரை ஏறிவிட்டது என்பதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

பஞ்சத்துக்குப் போட்ட ரயில்

பஞ்சம் முடிந்த பின் 1880இல் பஞ்ச கமிஷன் தன் அறிக்கையைத் தந்தது. அதிலிருந்து பஞ்சச் சட்டத் தொகுப்புகள் பிறந்தன. பஞ்சம் வருமுன் காக்கும் ‘பாதுகாப்பு’ ரயில்பாதைகள் என்ற எண்ணமும் வலுப்பெற்றது. அதன் பலனாகத் தருமபுரிக்கு வந்தது ஒரு குட்டி ரயில். சென்னையிலிருந்து சேலம் போகும் பெரிய பாதையில் இருக்கும் மொரப்பூரிலிருந்து தருமபுரி வரையில் ஏறத்தாழ 18 மைல் தூரம், இரண்டடி ஆறங்குல அகலத்தில், 1906இல் அது ஓடத் தொடங்கியது. 1913இல் ஓசூர் வரை நீண்டது. க்ஷாம காலத்தில் தானியம் உள்ளே வரவும், நல்ல காலத்தில் புளியும் நிலக்கடலையும் வெளியே போகவும் அந்தப் பாதை பயன்பட வேண்டும் என்பது ஏற்பாடு. ரயில் மட்டும் வந்தால் பஞ்சம் ஓடிவிடும் என்று எண்ணுவதும் பேதைமை. தாது வருஷத்திலேயே தானியம் பசி அதிகமுள்ள இடத்துக்குப் போகாமல் விலை அதிகமுள்ள இடத்துக்கு ரயிலேறிப் போனதைக் கண்டவர்கள் எழுதி வைத்திருக்கிறார்கள். இருந்தபோதிலும், ரயில் நின்ற இடமெல்லாம் சந்தையும், சந்தையைச் சுற்றிக் குடியிருப்பும் கூடுவது இயல்பு; ஆபத்துக்கென்று போட்ட இரும்பு, ஊர்கள் வளர்வதற்கும் ஏதுவாகும்.

1941இல், உலகப் போர் நடந்துகொண்டிருந்தபோது, அந்த ரயிலை நிறுத்தித் தண்டவாளத்தைப் பெயர்த்துவிட்டார்கள். பஞ்சத்துக்கென்று செய்துவைத்த காப்பைக் கழற்றிவிட்டால் அடுத்த பஞ்சத்துக்கு என்ன செய்வது என்று கேட்க அன்று நாதி இல்லை. அறுபதுகளின் இறுதியில் சேலம்-பெங்களூர் மீட்டர் பாதை வரும் வரையில் தருமபுரி ரயிலில்லாத ஊராகவே கிடந்தது. 1965 அக்டோபர் 2ஆம் தேதி அது தனி ஜில்லாவின் தலைநகரமானபோதும் நகரத்துக்குள் ரயில் இல்லை. மொரப்பூருக்கும் தருமபுரிக்கும் மீண்டும் பாதை போட வேண்டும் என்ற கோரிக்கை பல தேர்தல்களைப் பார்த்து, 2019இல் அடிக்கல் வரையில் வந்தது.

நிவாரணம் தோண்டிய விஷம்

ரயிலின் கதையாவது இருந்ததை இழந்த கதை. தண்ணீரின் கதை அதைவிட விபரீதமானது. வறட்சி வந்தபோதெல்லாம், முக்கியமாக எழுபதுகள் எண்பதுகளில், சர்க்கார் செய்த அவசர நிவாரணம் ஆழ்துளைக் கிணறு. லாரியில் ரிக் வந்து இறங்கும். இரவெல்லாம் தடதடவென்று பாறையைத் துளைக்கும். விடியும்போது சாம்பல் நிறத்தில் மாவும் நீருமாகப் பீறிட்டு வரும். ஊர் கூடிக் கற்பூரம் ஏற்றும். அதன்மேல் ஓர் அடிபம்பு. அந்த வருஷத்தின் தாகம் தீர்ந்தது என்பதில் சந்தேகமில்லை.

ஆனால் தருமபுரியின் அடியில் இருப்பது ஃபுளோரைடு கலந்த பழம்பாறை. மேல்கிணற்றுத் தண்ணீரைவிட, பாறை இடுக்கில் நெடுங்காலம் ஊறிக் கிடந்த ஆழத்து நீரில் அந்த உப்பு அதிகம். லிட்டருக்கு 1.5 மில்லிகிராம் வரையில் பொறுத்துக்கொள்ளலாம் என்பது கணக்கு. அதற்கு மேற்பட்ட தண்ணீரை வருஷக்கணக்கில் குடித்த குழந்தைகளின் பற்களில் மஞ்சளும் பழுப்புமாகக் கோடுகள் விழுந்தன. பெரியவர்களில் சிலருக்கு முழங்கால் வளைந்தது, முதுகு நிமிரவில்லை. பெண் பார்க்க வந்த இடத்தில் வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிற பெண்ணைப் பற்றி இந்தப் பக்கத்தில் சொல்லாத வீடு குறைவு. வறட்சி என்ற ஆபத்துக்குக் கொடுத்த மருந்து, இன்னொரு ஆபத்தை நிலத்தின் வயிற்றிலிருந்து மெதுவாக மேலே கொண்டுவந்துவிட்டது. முதல் நாளே நீரைப் பரிசோதித்து, எந்த ஊரில் துளைப்பது, எந்த ஊரில் ஏரியை மேடுதட்டிப்போகாமல் தூர்வாரித் திறந்த கிணற்றைக் காப்பது என்று தீர்மானித்திருந்தால் அது நிவாரணமும் ஆகியிருக்கும், ஸ்திரமான அபிவிருத்தியும் ஆகியிருக்கும்.

அந்தத் தவற்றைத் திருத்தக் காவிரியே வரவேண்டியிருந்தது. ஒகேனக்கல் குடிநீர்த் திட்டத்தின் முழுப்பெயரிலேயே ஃபுளோரோசிஸ் தணிப்பு என்ற சொல் இருக்கிறது. 1998இல் மத்திய அரசின் சம்மதம்; 2008 பிப்ரவரி 26ஆம் தேதி அடிக்கல்; அதே ஆண்டில் கர்நாடகத்தில் எதிர்ப்பு, கிளர்ச்சி, தாமதம்; ஜப்பானியக் கடனுதவியோடு 1,928.80 கோடி ரூபாய். 2013 மே 29ஆம் தேதி தொடக்கம். ஆற்றிலிருந்து நீரை மேலேற்றிச் சுத்திகரித்து, மலையும் மேடும் தாண்டித் தருமபுரி, கிருஷ்ணகிரி ஆகிய இரண்டு மாவட்டங்களின் நகரங்களுக்கும் பட்டிகளுக்கும் கொண்டுபோகிற அந்தக் குழாய்களை, பாதுகாப்பு ரயிலுக்குப் பிறகு இம்மண்ணில் நடந்த மிகப் பெரிய நிவாரண காரியம் என்றே நான் கணக்கிடுவேன். புயலடித்த மறுநாள் படத்தில் வருவது போன்ற நிவாரணம் அன்று. முப்பது நாற்பது வருஷமாகச் சத்தமில்லாமல் நடந்த ஓர் ஆபத்துக்குத் தந்த நிவாரணம். தெருக்குழாயில் காவிரி வருகிற நாளில் குடம் வைக்கிற வரிசையையும், வராத நாளில் பழைய ‘போர்’ தண்ணீருக்கே திரும்புகிற வரிசையையும் இரண்டையும் பார்த்தவர்களுக்கு, குழாய் போட்டதோடு காரியம் முடிந்துவிடவில்லை என்பதும் தெரியும்.

ஏரி என்று முடியும் ஊர்கள்

இனி நகரத்துக்கு வருவோம். 2011ஆம் ஆண்டுக் கணக்கின்படி மாவட்டத்தின் ஜனத்தொகை ஏறத்தாழ 15 லட்சம். அதில் நகரவாசிகள் நூற்றுக்குப் பதினேழு பேர். தருமபுரி நகராட்சிக்குள் எழுபதாயிரத்துக்கும் குறைவு. நகரமே இல்லாத மாவட்டத்துக்கு நகர அபிவிருத்தி எதற்கு என்று கேட்கத் தோன்றும். ஆனால் இம்மாவட்டத்து ஜனங்கள் தங்கள் ஊரில் கட்டாத நகரத்தைப் பெங்களூரில் கட்டிக்கொண்டிருக்கிறார்கள். பென்னாகரத்திலிருந்தும் அரூரிலிருந்தும் விடியற்காலைப் பஸ் ஏறுகிற கொத்தனாரும் சித்தாளும் கம்பி கட்டுகிறவரும் அங்கே தகரக் கொட்டகையில் படுத்து, இங்கே ஒரு கான்கிரீட் வீட்டுக்குக் காசு சேர்க்கிறார்கள். 2012 நவம்பர் 7ஆம் தேதி நாயக்கன்கொட்டாய் அருகே நத்தம் உள்ளிட்ட மூன்று தலித் குடியிருப்புகள் கொளுத்தப்பட்டபோது எரிந்தவற்றில் அப்படிச் சேர்த்துக் கட்டிய வீடுகளும் உண்டு. ஆபத்து வானத்திலிருந்து மட்டும் வருவதில்லை என்பதையும், ஒரு வீடு எங்கே இருக்கிறது என்பதை இந்நாட்டில் மழை மட்டும் தீர்மானிப்பதில்லை என்பதையும் மறந்துவிட்டுக் குடியிருப்பைப் பற்றி எழுதுவது நேர்மையாகாது. ஊரின் மேட்டுப் பக்கம் யாருக்கு, ஓடையோரப் பள்ளம் யாருக்கு என்பது எந்தப் பொறியாளரும் வரைபடம் போடுவதற்கு முன்பே ஜாதியால் வரையப்பட்டுவிட்டது. வெள்ளம் அந்த வரைபடத்தைத் தவறாமல் படிக்கிறது.

தருமபுரி நகரத்தைச் சுற்றி நடந்து பாருங்கள். பிடமனேரி, ராமக்காள் ஏரி, அன்னசாகரம்: பெயர்களிலேயே தண்ணீர் நிற்கிறது. ஒன்றின் உபரி நீர் அடுத்ததற்குக் கால்வாய் வழியே இறங்கும்படி நம் முன்னோர் செய்துவைத்த ஏற்பாட்டில், இன்று ஏரி தப்பியிருந்தாலும் கால்வாய் தப்பவில்லை. நான்கு வழிச் சாலை வந்ததும் சாலையோர நிலத்துக்கு விலை ஏறியது; வயல்கள் வெள்ளைக் கல் நட்ட மனைகளாயின; கால்வாய் மனைப்பிரிவுக்குள் நுழையும் இடத்தில் ஒரு குழாயாகச் சுருங்கி, வெளியேறும் இடத்தில் காணாமல் போனது. அனுமதியற்ற மனைகளைப் பதிவு செய்வதற்கு 2016இல் உயர்நீதிமன்றம் தடை விதித்தபின், அந்த ஆண்டு அக்டோபர் 20ஆம் தேதிக்கு முன் பிரித்த மனைகளை வரன்முறைப்படுத்த 2017இல் விதிகள் வந்தன. ஏரிகளைக் காத்து ஆக்கிரமிப்பை அகற்றும் சட்டம் 2007ஆம் ஆண்டே வந்திருக்கிறது. ஒரே ஏரியின் கரையில், ஓர் அலுவலகம் அகற்றல் நோட்டீசு ஒட்டும். இன்னோர் அலுவலகம் மழை வந்ததும் அதே வீட்டுக்கு நிவாரணம் எழுதும். மூன்றாவது அலுவலகம் அங்கே மின் இணைப்பும் வரிச்சீட்டும் கொடுத்திருக்கும். ஒரு குடிமகனை ஒரே சமயத்தில் ஆக்கிரமிப்பாளர், பாதிக்கப்பட்டவர், வரிதாரர் என்று மூன்றாகப் பிரித்துப் பார்க்கிற கண் நம்முடைய நிர்வாகத்துக்கு வாய்த்திருக்கிறது.

அப்படியானால் எல்லாரையும் பெயர்த்து எங்கோ குடிவைத்துவிடலாமே என்பார்கள். சென்னை அதைச் செய்து பார்த்தது. 2015ஆம் ஆண்டு வெள்ளத்துக்குப் பின் அடையாற்றங்கரைக் குடும்பங்களைப் பெரும்பாக்கத்தின் அடுக்குமாடிகளுக்குக் கொண்டுபோனார்கள். அதற்கு முன்பே செம்மஞ்சேரிக்குப் போனவர்கள் உண்டு. வீட்டுவேலைக்கும் மீன்கூடைக்கும் கைவண்டிக்கும் பழகிய நகரம் இருபது கிலோமீட்டருக்கு அப்பால் போய்விட்டது. பஸ்ஸுக்கே கூலி கரைந்தது. அந்தச் செம்மஞ்சேரியும் சதுப்பின் ஓரம் ஆகையால் மழைக்கு அங்கும் தண்ணீர் புகுந்தது. வெள்ளத்திலிருந்து காப்பாற்றுகிறோம் என்று ஜீவனத்திலிருந்து பிரித்துவைப்பதைக் குடியமர்த்தல் என்று சொல்ல எனக்கு நாக்கு எழவில்லை.

ஆனால் நல்ல உதாரணமும் நம்மிடமே இருக்கிறது. 2004 சுனாமிக்குப் பின் தமிழ்நாட்டில் கட்டிக் கொடுத்த வீடுகளின் மனையுரிமையைக் கணவன், மனைவி இருவர் பெயரிலும் எழுதித் தருவது என்று 2005 மார்ச்சில் போட்ட அரசாணை தீர்மானித்தது. கடலோரத்தில் வீடு எத்தனை மீட்டர் தள்ளி இருக்கலாம், இருந்த இடத்திலேயே திரும்பக் கட்ட விரும்புகிறவருக்கு என்ன வழி, வீட்டுக்குக் காப்பீடு எப்படி என்றெல்லாம் அதில் யோசித்திருந்தார்கள். குறைகள் ஏராளம், சில குப்பங்களில் வீடு ஒரு பக்கமும் படகு மறுபக்கமும் ஆயின. ஆயினும் சோற்றுப் பொட்டலத்துக்கு நின்ற பெண், சில வருஷங்களில் தன் பெயர் எழுதிய மனைக்கு உரியவளானாள். கடலோரத்துக்கு ஒரு முறை செய்ததைக் கரிசலுக்கும் செம்மண்ணுக்கும் செய்யலாகாது என்று எந்தச் சாஸ்திரமும் சொல்லவில்லை.

பணம் இல்லை என்றும் சொல்ல முடியாது. பதினைந்தாவது நிதிக் கமிஷன், 2021 முதல் 2026 வரையிலான ஆண்டுகளுக்கு மாநிலங்களின் பேரிடர் நிதியைப் பகுத்த முறையைப் பாருங்கள்: நூற்றுக்கு நாற்பது உடனடி நிவாரணத்துக்கு, முப்பது மீட்சிக்கும் புனர்நிர்மாணத்துக்கும், பத்து முன்னேற்பாட்டுக்கு, இருபது ஆபத்தைத் தணிக்கும் தனி நிதிக்கு. பாதிக்கு மேற்பட்டது மழைக்கு முந்தியும் பிந்தியும் செலவழிய வேண்டியது என்று காகிதத்தில் விதித்தாகிவிட்டது. கால்வாயை மீட்பதும், ஓடைக்கரைக் குடும்பத்துக்கு அதே ஊர் எல்லைக்குள், பஸ் நிற்கிற தூரத்தில், மேட்டு நிலத்தில் மனை தேடுவதும் இந்தக் கணக்கில் அடங்காத காரியங்கள் அல்ல. நூறு நாள் வேலை என்று ஜனங்கள் பெயர் வைத்த திட்டத்தில் ஏரி தூர்வாரிய கைகளும் இங்கேயே இருக்கின்றன. தாது வருஷத்தில் ஏரி வெட்டினவர்களின் பேரப்பிள்ளைகள் அவர்கள்.

நான் கேட்பது பெரிய காரியம் அன்று. கிராம நிர்வாக அலுவலரின் அந்த நோட்டில், பெயருக்கும் அட்டை எண்ணுக்கும் சேதத்துக்கும் அடுத்தாற்போல், குடிசை நின்ற மண் யாருடையது, பட்டா இல்லாவிட்டால் அதே ஊரில் மாற்று மனை எந்த சர்வே எண்ணில் இருக்கிறது என்று இரண்டு கலங்கள் கூடுதலாகப் போட்டுக்கொள்ள வேண்டும். அந்தக் கலங்கள் நிரம்பாத வரையில் நிவாரணக் கோப்பை மூடக்கூடாது என்று மாவட்ட ஆட்சியர் ஓர் உத்தரவு எழுத வேண்டும். 2024 டிசம்பரில் எடுத்த கணக்கு தாலுகா அலுவலகங்களில் இருக்கிறது. எந்தச் சுவரில் எவ்வளவு உயரத்துக்குத் தண்ணீர் நின்றது என்ற படங்கள் கைபேசிகளில் இருக்கின்றன. வரும் ஐப்பசி பிறப்பதற்குள் அரூரில் இருந்தே தொடங்குங்கள்.